கப்பல்மணி வீடு எதிரில்

வடசென்னையில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க அதன் கதவு எண் உதவாது. பழைய எண் பதினொன்று, புதிய எண் இருபத்தாறு என்று இரண்டு இருக்கும். பாகம் பிரித்த வீடென்றால் இருபத்தாறுக்குள்ளேயே ஏ, பி, சி என்று நான்கைந்து கதவுகள். செயற்கைக்கோள் காட்டும் புள்ளியும் பத்து மீட்டர் தள்ளி விழும். பத்து மீட்டருக்குள் இங்கே மூன்று சந்துகள் உண்டு. அதனால்தான் எங்கள் வரைபட மென்பொருளில் ஒவ்வொரு வீட்டுக்கும் எண்ணை அடுத்து ஒரு கட்டம் வைத்தோம். லேண்ட்மார்க். அதில் எழுதியிருப்பதைத்தான் வண்டி ஓட்டுபவர் வழியில் நிற்பவர்களிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டு போவார்.

அந்தக் கட்டத்தை நிரப்ப ஒரு விதி உண்டு. அதை எழுதியவன் நான். களப்பணியாளர் அந்த இடத்துக்கே போய் நிற்க வேண்டும். அங்கே நடமாடும் மூன்று பேரிடம், இந்த இடத்துக்கு எப்படி வழி சொல்வீர்கள் என்று கேட்க வேண்டும். இரண்டு பேராவது சொல்லும் பெயரை, அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுத வேண்டும். நமக்குத் தெரியும் என்பதற்காக எதையும் சேர்க்கக் கூடாது.

நாற்றிசை என்ற இந்த நிறுவனத்தில் பத்தொன்பது ஆண்டுகளாக இருக்கிறேன். தண்டையார்பேட்டையில் லாரி உதிரிபாகக் கிடங்கு ஒன்றின் மாடியில் அலுவலகம். கீழே கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்தை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். களத்திலிருந்து வரும் தகவலைச் சரிபார்த்து வரைபடத்துக்குள் விடுவது என் வேலை. லியோனார்ட் ஒப்புதல் இல்லாமல் ஒரு புள்ளிகூட உள்ளே போகாது என்று எங்கள் முதலாளி செங்குட்டுவன் வருகிறவர்களிடம் சொல்வார். நான் பக்கத்தில் நின்று ஒன்றும் பேசாமல் இருப்பேன். பொதுவாகவே நான் பேசுவது குறைவு. அதை அடக்கம் என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தேன்.

போன ஜனவரியில் ஒரு தொண்டு அமைப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை சிறுநீரக நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றி, ரத்தச் சுத்திகரிப்புக்குக் கொண்டுபோய்த் திரும்ப விடும் வண்டிகள் அவர்களுடையவை. ராயபுரம் பகுதி செங்கொடியின் பொறுப்பு. செங்கொடி வியாசர்பாடிப் பெண்மணி, நாற்பது வயது, ஐந்து வருடமாக எங்கள் களப்பணியாளர். தலையில் ஆண்கள் போடும் வெயில் தொப்பி, கழுத்தில் பட்டையில் தொங்கும் டேப்லெட். யார் வீட்டு வாசலிலும் தயங்காமல் நிற்பார். ஒப்படைக்க ஒரு வாரம் இருக்கும்போது அவருக்குக் காய்ச்சல் வந்து மூட்டுகள் வீங்கிவிட்டன. ஐம்பத்தெட்டுக் கட்டங்கள் காலியாக நின்றன.

திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அலுவலகத்துக்குப் போனேன். அவர் பகுதி அவர் பெயரில் பூட்டியிருந்ததால், மேசை இழுப்பறையில் அவர் எழுதி வைத்திருந்த கடவுச்சொல்லையே போட்டுத் திறந்தேன். எத்தனை பாக்கி என்று பார்க்கத்தான் திறந்தேன். முதல் காலிக் கட்டம் நார்க்கிடங்குச் சந்தில் இருந்தது.

நான் பிறந்த சந்து அது.

இப்போது கொடுங்கையூரில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறேன். தினமும் வேலைக்கு வரும் வழியிலிருந்து அந்தச் சந்து பத்து நிமிட நடைதான். அம்மா இறந்து, வீட்டை விற்ற பிறகு ஒருநாளும் அந்தப் பக்கம் திரும்பியதில்லை. ஏன் என்று யாராவது கேட்டிருந்தால் வேலை இல்லை என்று சொல்லியிருப்பேன்.

திரையில் சந்து மேலிருந்து பார்த்த ஒரு சாம்பல் கோடாகக் கிடந்தது. அதைப் பெரிதாக்கினேன். கூரைகள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரிந்தன. ஆனால் கோட்டின் வளைவைப் பார்த்ததும் கால்களுக்குத் தெரிந்துவிட்டது. இந்த வளைவில்தான் கேரம் கிளப். அங்கே பௌடர் வாசனையும் பீடி வாசனையும் கலந்து வரும். இதற்கு எதிரே ஐஸ் பேக்டரி. பள்ளி விட்டு வரும்போது ஐஸ் கட்டிகள் மரச்சறுக்கில் வழுக்கி இறங்குவதைப் பார்த்து நிற்போம். சிதறும் துண்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்குப் போவதற்குள் பை நனைந்து மீன் வாசனை அடிக்கும்.

முதல் கட்டத்தில் "கேரம் கிளப் வளைவு" என்று எழுதினேன். இரண்டாவதில் "ஐஸ் பேக்டரி பின்புறம்". பிறகு என்னை நிறுத்துவது கடினமாகிவிட்டது. மத்தியானம் சாப்பிடவில்லை. "தையல் டீச்சர் வீட்டுப் பக்கம்." "பெரிய நங்கூரம் கிடக்கும் முனை." "சவுக்குக் கட்டைத் தொட்டி." இருபதாவதோ இருபத்தொன்றாவதோ "கப்பல்மணி வீடு எதிரில்" என்று எழுதினேன்.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய அருள்பிரகாசம் மாமாவின் வீடு அது. உடைத்த கப்பலின் சாமான்கள் ஏலம் போனபோது ஒரு பித்தளை மணியை வாங்கிவந்து வாசல் நிலைக்கு மேலே மாட்டியிருந்தார். மணியில் கப்பலின் பெயர் இருந்தது. எங்களில் யாருக்கும் வாசிக்கத் தெரியாத எழுத்து. என் தங்கை மெர்லின்தான் அந்த வீட்டுக்கு அந்தப் பெயரை வைத்தாள். புது வருடத்தன்று நள்ளிரவுப் பூசைக்குப் போகுமுன் மாமா ஒவ்வொரு பிள்ளையையும் தூக்கிப் பிடித்து ஒருமுறை அடிக்க விடுவார். ஒரே ஒரு முறை. அதன் ஒலி அடங்கும் வரை எல்லோரும் பேசாமல் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. அவ்வளவு நீளமான அமைதியை அதன்பிறகு நான் எங்கும் கேட்டதில்லை.

ஐந்து மணிக்கு ஐம்பத்தெட்டும் நிரம்பிவிட்டன. செங்கொடிக்கு உதவி செய்ததாகத்தான் நினைத்தேன். எழுந்தபோது முதுகு வலித்தது. மனம் மட்டும் வெகுநாளுக்குப் பிறகு லேசாக இருந்தது. என் ஒப்புதலையும் நானே கொடுத்து அனுப்பிவைத்தேன்.

பிப்ரவரி மூன்றாம் வாரம் திங்கட்கிழமை செங்குட்டுவன் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். செங்கொடி ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். மேசையில் தொண்டு அமைப்பின் கடிதம். நார்க்கிடங்குச் சந்தில் அஜீசா என்ற நோயாளியின் வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் வண்டி நாற்பது நிமிடம் சுற்றியிருக்கிறது. அன்றைக்கு அவருடைய முறை தவறிப்போய்விட்டது. வரைபடத்தில் இருந்த அடையாளம் சந்தில் யாருக்கும் தெரியவில்லை. தவறு யாருடையது என்று எழுத்தில் வேண்டும், இல்லையென்றால் மொத்த வேலையையும் திரும்பப் பெற்றுக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள்.

"உன் பேர்ல இருக்கு செங்கொடி," என்றார் செங்குட்டுவன். "இந்த வரி, இதோட சேர்த்து ஐம்பத்தெட்டு. எல்லாம் ஒரே நாள்ல, ஞாயித்துக்கிழமை. வீட்ல படுத்துகிட்டே அடிச்சு விட்டியா?"

"நான் அடிக்கல சார். கை வெரலு மடக்க முடியாம கெடந்தேன். சோறே எம் மவ ஊட்டி வுட்டா. நான் எங்கேர்ந்து அடிக்கறது?"

"அப்போ யாரு?"

"எனக்கு இன்னா தெரியும்? எம் பேரு போட்டா நானா ஆயிடுவேனா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் எழுதணும். வேற விளக்கம் இல்லேன்னா உன் பேரைத்தான் எழுதணும். அதுக்கப்புறம் உன்னை வச்சுக்க முடியாது. லியோ, நீ என்ன சொல்றே?"

அவர் என்னைப் பார்த்தார். செங்கொடியும் பார்த்தார். கீழே ஒரு லாரி ஹாரன் அடித்தது. நான் கடிதத்தைக் கையில் எடுத்துப் படிப்பதுபோல வைத்துக்கொண்டேன். படித்து முடித்த பிறகும் கீழே வைக்கவில்லை. என் மௌனத்தை இருவரும் அவரவர் வழியில் புரிந்துகொண்டார்கள். செங்குட்டுவன் பெருமூச்சு விட்டார்.

மூன்று நாட்கள் அப்படிப் போயின. சொல்ல வேண்டிய வாக்கியம் ஒன்றுதான். அதைக் குளியலறையில், பேருந்தில், அலுவலகப் படிக்கட்டில் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் எதையாவது விளக்கத் தோன்றியது. மணியைப் பற்றியோ ஐஸ் கட்டிகளைப் பற்றியோ. விளக்கம் வளர்ந்தபின் வாக்கியம் வராது.

வியாழக்கிழமை காலை செங்கொடி என் மேசைக்கு வந்தார். "சார், நீதான் செக் பண்ணி பாஸ் பண்ணே. எங்கூட வா. அந்த சந்துக்கே போயி பாத்துரலாம். நான் எய்தலேன்னு நிரூபிக்க எனக்கு ஒரு ஆளு வோணும். நீ சொன்னா செங்குட்டுவன் சார் கேப்பாரு."

மறுக்க ஒரு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.

சந்து முனையில் நங்கூரம் இல்லை. ஏடிஎம் இருந்தது. சந்து நான் நினைத்திருந்ததில் பாதி அகலம்தான். இருபுறமும் மூன்று மாடிகள் எழும்பியிருந்தன. கடல் தெரியும் இடைவெளியும் அடைபட்டிருந்தது. நான் இரண்டடி பின்னால் நடந்தேன். வலை நூல் விற்கும் கடையில் ஒருவர் நூல்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க கப்பல்மணி வூடு எங்க கீது?" என்றார் செங்கொடி.

"கப்பலு ஆர்பர்ல கீது, மணி மாதா கோயில்ல கீது. ரெண்டும் சேந்து இந்த சந்துல ஏதும்மா?"

"வெளாடாத நைனா. மெய்யாலுமே தெரியாதா?"

"நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கீறேன். அப்டி ஒன்னு கெடையாது." அவருக்கு முப்பது வயது இருக்கும்.

அடுத்து, இட்லிக் கடை மங்கம்மா. "யாரு, மணியா? ஆட்டோ ஓட்டுனானே, அந்த மணியா? அவன் காலி பண்ணிகினு எண்ணூருக்குப் பூட்டானே!"

"ஆளு இல்லக்கா, வூடு. சரி, அத்த வுடு. தோ அந்த வூட்டுக்கு எப்டி வயி சொல்லுவே?"

"ஜிம்மு கீதில்ல, ஜிம்முக்கு எதுத்தாப்லன்னா சின்னப் புள்ளகூட காட்டிரும். தடிப்பசங்க காலையில அஞ்சு மணிக்கே இரும்பத் தூக்கி டமால் டமால்னு போடறானுங்க. எங்கூட்டு செவுரு ஆடுது."

அவர் கை காட்டிய இடத்தைப் பார்த்தேன். கீழ்த்தளம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஓடிப் பழகும் இயந்திரங்கள். அருள்பிரகாசம் மாமாவின் வாசல் அங்கே எந்தத் தூணுக்கு நேராக இருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். முடியவில்லை.

"ஐஸ் பேக்டரி தெரியுமா?" என்று கேட்டது நான்தான்.

"ஐஸ் பேக்டரியா? தோ." மங்கம்மா ஒரு கல்யாண மண்டபத்தைக் காட்டினார். "இடிச்சி பதினஞ்சி வருசம் ஆவுது. ஆனா இன்னும் ஐஸ் பேக்டரின்னுதான் சொல்றோம். மண்டபத்துக்கு வச்ச பேரு எவனுக்குத் தெரியும்?"

"கேரம் கிளப்பு?"

"அது எங்க கீது?"

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இடிந்த பிறகும் சில இடங்கள் சந்துக்காரர்கள் வாயில் இருந்தன. சில இடங்கள் என்னிடம் மட்டும்தான் இருந்தன. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தான் மூன்று பேரைக் கேட்க வேண்டும் என்று விதி எழுதியிருந்தேன் போலிருக்கிறது. எழுதியபோது எனக்கு அது தெரியாது.

ஜிம்முக்கு எதிர்ச் சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அஜீசா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கலாம். ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்துப்போன இடது கையை முந்தானையால் மூடியிருந்தார். நாங்கள் யாரென்று செங்கொடி சொன்னதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"நீங்கதானா அது? கப்பலு மணின்னு எய்தி வுட்டது?"

"நடந்தத சொல்லுக்கா."

"இன்னாத்த சொல்ல? வண்டி வர்ற நேரம்னு பன்னெண்டு மணிக்கு வெயில்ல வந்து நின்னேன். வண்டி அந்தாண்ட சந்துல சுத்திகினு கீது. போனு எம் மவகிட்ட. அவ கம்பெனியில போன வாங்கி லாக்கர்ல வச்சிருவாங்க. அந்த டிரைவர் புள்ள தருமபுரியாம், பாவம், பாக்கறவங்கள எல்லாம் கப்பல்மணி வூடு, கப்பல்மணி வூடுன்னு கேட்டுகினு கீது. எங்கிட்டயே வந்து கேட்டுச்சுன்னா பாரேன்! தெர்லப்பான்னுட்டேன். எட்டு வருசந்தான் ஆவுது நான் புளியந்தோப்புலேர்ந்து வந்து. என் வூட்டத்தான் தேடுதுன்னு எனக்கு எப்டித் தெரியும்?" சிரிப்பு அடங்கியது. "அப்பால போயி சேந்தா மெஷின்ல வேற ஆளு. நாளைக்கு வான்ட்டாங்க. அன்னைக்கு ராவு படுக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுது. விடிய விடிய குந்திகினே கெடந்தேன். எம் மவளும் எங்கூடவே குந்திகினு கெடந்தா."

அவர் சொன்ன விதத்தில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதைக் கேட்டுக்கொண்டு நிற்பதுதான் கடினமாக இருந்தது. தன் வீட்டு வாசலில் நின்றபடி, தன் வீட்டைத் தேடி வந்தவனிடம் தெரியாது என்று சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுக்கு நான் வேறொரு பெயர் வைத்திருந்தேன்.

திரும்பும்போது செங்கொடி, "எவனோ வேணும்னே பண்ணிக்கிறான் சார். எம் மேல காண்டு புட்ச்சவன்," என்றார்.

"நான்தான் எழுதினேன், செங்கொடி."

அவர் நடந்துகொண்டிருந்தார். நாலடி போன பிறகுதான் நின்றார்.

"இன்னா சொன்னே?"

"அந்த ஞாயித்துக்கிழமை உங்க பேர்ல திறந்து நான் எழுதினேன். இந்தச் சந்துலதான் பிறந்தேன். எல்லாம் தெரியும்னு நினைச்சேன்."

நெடுநேரம் அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மீன்வண்டி எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. நான் எத்தனையோ அமைதிகளுக்குள் சௌகரியமாக இருந்தவன். இதற்குள் இருக்க முடியவில்லை.

"எய்துனது வுடு," என்றார் கடைசியில். "தப்பு எவனும் பண்ணுவான். திங்கக்கெயம அந்த ரூம்ல நான் கெஞ்சிகினு நிக்கறேன், நீ பேப்பரப் பாத்துகினு குந்தினு இருந்தே. மூணு நாளு சார். எம் மவகிட்ட வேலை போயிரும்டின்னு சொல்லி அய்திருக்கேன். ஒரு வார்த்த. ஒரே ஒரு வார்த்த வாயத் தொறந்து சொல்ல இன்னா கேடு உனுக்கு?"

"தெரியலை."

"தெர்லயாம்." தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பேசாத ஆளு, நல்ல மன்சன்னு ஆபீஸ்ல அல்லார்கிட்டயும் உன்னப்பத்தி சொல்லிகினு திரிஞ்சேன் பாரு, என்னியச் சொல்லணும்."

அவர் வேகமாக முன்னால் போய்விட்டார். நான் தனியாக நடந்து அலுவலகம் வந்து, நேராகச் செங்குட்டுவன் அறைக்குப் போனேன். உட்காரவில்லை. மணியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வாக்கியத்தை மட்டும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "விதியை எழுதினவனே நீதானேடா."

"ஆமாம்."

"கடிதத்துல உன் பேரைப் போடணும். பாஸ்வேர்டைத் திருடினதா ஆகும். இந்த வேலையிலேர்ந்து உன்னை எடுக்கச் சொல்வாங்க. சரிபார்க்கிற இடத்துல இனிமே உன்னை உட்கார வைக்க முடியாது, லியோ."

"போடுங்க. செங்கொடி பேர் எங்கேயும் வரக் கூடாது."

"வராது." ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். "திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே?"

நான் கதவைத் திறந்து வெளியே வந்தேன்.

செங்கொடி மறுநாளே மீண்டும் களத்துக்குப் போனார். ஐம்பத்தெட்டு வீடுகளுக்கும் ஒன்றுவிடாமல் நடந்து, வாசலுக்கு மூன்று பேராகக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். அடுத்த வியாழக்கிழமை பிற்பகல் சரிபார்ப்பு மேசையில், பத்தொன்பது ஆண்டுகளாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அந்த வேலையைச் செங்குட்டுவன் அவருக்குக் கொடுத்திருந்தார். என்னை விற்பனைப் பிரிவில் ஒரு மூலைக்கு மாற்றியிருந்தார்கள்.

"இங்க வா சார்," என்று கூப்பிட்டார். ஒரு வாரத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் சொற்கள். "நீ போட்டத நீயே அயி. நான் தொட மாட்டேன். அப்பால நான் எய்தறேன்."

பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் அழித்தேன். கேரம் கிளப் போனது. அங்கே இப்போது மொபைல் கடை. நங்கூரம் போனது. தையல் டீச்சர் போனார். ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுத்து, விசையை அழுத்தி, கட்டம் வெள்ளையாவதைப் பார்த்தேன். ஐஸ் பேக்டரியில் என் கையைத் தடுத்தார். "இது இருக்கட்டும். ஜனம் சொல்லுது." அப்படி ஒன்பது தப்பின. அடுத்து கப்பல்மணி வீடு. அழித்தேன். அவர் "ஜிம் எதுத்தாப்ல" என்று எழுதினார்.

நாற்பத்தாறாவது வரி. "ஃபோர்மேன் வீட்டுக்கு அடுத்தது."

"இது யாரு ஃபோர்மேன்?" என்றார்.

"எங்கப்பா."

செங்கொடி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மூணு பேரக் கேட்டேன். அப்பால இன்னும் ரெண்டு பேரக் கேட்டேன். ஒர்த்தருக்கும் தெர்ல."

"அஞ்சு பேரைக் கேட்டீங்களா?"

"ஆங்."

விதிப்படி மூன்று பேர் போதும். நான் அவரைப் பார்த்தேன். அவர் முகத்தில் இளக்கம் எதுவும் தெரியவில்லை. தேடவும் எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை.

"இப்போ எப்படிச் சொல்றாங்க?" என்று கேட்டேன்.

"தண்ணி டேங்க் பக்கத்துல."

"யார் இருக்காங்க அங்கே?"

"ஒரு பெரியவரு. ஞாயித்துக்கெயமயும் புதன்கெயமயும் வண்டி வரணும் அவருக்கு."

நான் வரியைத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கட்டம் வெள்ளையாயிற்று. அவர் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தட்டி முடித்துவிட்டு, அதை மறுபடியும் என் பக்கம் தள்ளினார்.

"அடுத்தது சார்," என்றார்.